பிஸ்கட் டின்னில் இருக்கும் காட்கள்

ஹட்டன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சாதாரண தரப் பரீட்சையில் பாஸாகிவிட்டாள் என்று படித்ததும் உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உம்மாவுக்கு இன்னும் உன் அம்மா கொடுத்தனுப்பும் ரொட்டியும் சம்பலும்தான் ஞாபகம். இங்கே மூன்று நாளாக விடாத மழை.

உன்னிடம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. என் கணவர் ஹார்ட்வெயார் கடையோடு வட்டிக்கும் காசு கொடுக்கிறார். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் ஏடிஎம் காட்களை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். 10ஆம் திகதி சம்பளம் விழுந்ததும் கடைப் பையன் போய் எடுத்து வருவான். வட்டி போக மிச்சம்தான் அவர்கள் கைக்குப் போகும்.

போன மாதம் ஒருத்தி பின்வாசலுக்கு வந்தாள். கொழுந்து எடுத்து விரலெல்லாம் கறுத்திருந்தது. புருஷனுடைய ஆப்பரேஷனுக்கு 50,000 வாங்கியிருக்கிறாள், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. ஒரு வருடத்தில் 60,000 கட்டிவிட்டாள், முதல் அப்படியே நிற்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தக் கணக்கில் அவளுடைய ஐந்து நாள் கொழுந்து மாதாமாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன் அம்மாவின் கைதான் என் கண்ணுக்குள் வந்தது.

எங்கள் மார்க்கத்தில் வட்டி ஹராம் என்பது உனக்கே தெரியும். ஒரு மௌலவியிடம் கேட்டேன். வேறு வழியில்லாத மனைவி தேவைக்கு மட்டும் எடுக்கலாம், பாவம் சம்பாதித்தவருக்கு, ஆனால் அவருக்கு எடுத்துச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்றார். அப்படியும் மனம் ஆறவில்லை. சின்ன வயதில் மத்ரஸாவில் கேட்டது: நபியவர்களின் தோழர் அபூபக்கர் (ரழி) அவர்கள், தாம் சாப்பிட்ட உணவு குறி சொல்லிச் சம்பாதித்தது என்று தெரிந்ததும் வாய்க்குள் விரல் விட்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார்கள். அப்போது நாங்கள் சிரித்தோம். இப்போது பிள்ளைக்குச் சோறு பிசையும்போது அதுதான் நினைவில் நிற்கிறது. தேவை என்றால் எதுவரை தேவை? சோறு, சரி. பெருநாளைக்கு அவர் வாங்கித் தந்த காப்பு?

அவரிடம் சொன்னேன். “நானா கூப்பிட்டேன், அவர்கள்தானே வருகிறார்கள்” என்றார். குர்ஆனில் சூரா பகராவின் 279, 280ஆம் வசனங்களை வாசித்துக் காட்டினேன். முதல்தான் உங்களுடையது; கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று வருகிறது. பேசாமல் எழுந்து போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை, அது உனக்கும் தெரியும். 2022இல் வியாபாரம் படுத்தபோது பயந்துபோனார். அந்தப் பயத்தில்தான் இது தொடங்கியது.

9ஆம் திகதி இரவு டின்னைத் திறந்து அவளுடைய காட்டை எடுத்தேன், விடிந்ததும் கொடுத்துவிட்டேன். அவரிடமும் மறைக்கவில்லை. நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பையனை அனுப்பித் திரும்ப வாங்கவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டின்னில் இன்னும் 11 காட் இருக்கிறது.

காப்பை இப்போது போடுவதில்லை. சமையலுக்கு என் தையல் காசையே எடுக்கப் பார்க்கிறேன், பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. உங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் சீருடைத் துணி வந்ததும், தைக்க ஆள் தேடினால் என்னைச் சொல்லு. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டால் போதும், அளவுகளை மட்டும் தெளிவாக எழுதி அனுப்பு.

அம்மாவுக்கு என் சலாம்.

உன் தோழி