கோப்பு ஓரிடம், பேச்சு வேறிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சங்கத்தின் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. விதிமுறைகள், கூட்டக் குறிப்புகள், தணிக்கை அறிக்கைகள் எல்லாம் ஆவண மேலாண்மை மென்பொருளில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய பேச்சோ உறுப்பினர்களின் இணையக் குழுவில் நடக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை. விதிமுறைத் திருத்தத்தின்போது ஒருவர் வரைவை இறக்கிக் குழுவில் போட்டார். இன்னொருவர் அதைத் திருத்தி ‘இறுதி’ என்று பெயர் வைத்தார். அடுத்தவர் பங்குக்கு ‘இறுதி புதியது’ வந்தது. 7-ஆம் விதியைப் பற்றிக் காரசாரமாக மோதிக்கொண்ட இருவரும் வெவ்வேறு கோப்பைத் திறந்து வைத்திருந்தது கடைசியில்தான் தெரிந்தது. மூல வரைவை யாரும் தொடவே இல்லை.

சரி, இரண்டையும் இணைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? எப்படி இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கோப்பை நகலெடுத்து உரையாடலில் கொட்டுவது இணைப்பே அல்ல. பழைய குளறுபடி இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க, குழுவுக்கு லிங்க் மட்டும் வர வேண்டும். உதாரணமாக, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்ற குழு உரையாடல் மென்பொருளின் சேனலில் பகிரும் கோப்பு, அதே நிறுவனத்தின் ஆவண மென்பொருளான ஷேர்பாயிண்டில்தான் போய் உட்காருகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் ஆவண மென்பொருள்களை ஒரே முறையில் அணுகுவதற்காக ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு 2010-லேயே சிஎம்ஐஎஸ் என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. ஆனால் மென்பொருள் வாங்கும்போது ஏபிஐ (வேறு மென்பொருள் இதோடு பேசுவதற்கான வழி) உண்டா, வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் வேறு மென்பொருளுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் வசதி) உண்டா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? திரை அழகாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அனுமதி விஷயத்திலும் கவனம் தேவை. ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்பதை அவசரத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். குழுவிலிருந்து விலகியவர் கையிலும் அந்த லிங்க் இருக்குமே! குழுவில் ஒருவரை நீக்கினால், கோப்பைத் திறக்கும் உரிமையும் தானாகப் போக வேண்டும்.

அப்புறம், பேச்சும் கோப்பிடம் வந்து சேர வேண்டும். யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்பதைப் பதிப்பு வரலாறு காட்டும். ஏன் திருத்தினார் என்பது உரையாடலுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும். அடுத்த நிர்வாகக் குழு வந்து கேட்டால் தேடி எடுக்க முடியாது. மென்பொருள் எழுதுபவர்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் மாற்றத்தையும் அதைப் பற்றிய விவாதத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். விதிமுறைக்கும் தீர்மானத்துக்கும் அதே வசதி கிடைத்தால் பாதிச் சண்டை குறையும்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இந்த இணைப்பு முறைகளை விளக்கி ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன். தொழில்நுட்பப் பணியாளர் இல்லாத சிறு அமைப்புகளையும் மனத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சங்கத்தின் ஆவணப் பொறுப்பாளர்