கொலைகாரன் தப்ப வேண்டும் என்று விரும்பும் வாசகர்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி தந்தது. இங்கு எல்லாரும் நலம். பேத்தி படிவம் நான்குக்குப் போய்விட்டாள். என் அலமாரியிலிருந்து நாவல்களை எடுத்துப் போகும் அளவுக்கு வளர்ந்தும் விட்டாள்.

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடையில் ஆங்கில எழுத்தாளர் டாப்னி டு மோரியரின் 'ரெபெக்கா' நாவல் கிடைத்ததாகவும், அதைக் கீழே வைக்க முடியாமல் படித்து முடித்த பிறகு மனம் கனத்துப்போனதாகவும் எழுதியிருந்தீர்கள். இத்தகைய உளவியல் திகில் நாவல்களை நான் ஏன் இவ்வளவு விரும்பிப் படிக்கிறேன் என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இளமையில் நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த மாத நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் துப்புத் துலக்கும்போது, கொலை செய்தவர் யார் என்பதை அவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற துடிப்பு நமக்கு இருந்தது. முடிச்சு அவிழ்ந்ததும் புத்தகத்தை நிம்மதியாக மூடிவிடலாம். உளவியல் திகில் நாவலிலோ குற்றம் செய்தவர் யார் என்பது பல நேரங்களில் நடுவிலேயே, சில நேரங்களில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகும் நாம் பதற்றத்துடன் படிக்கிறோம் என்றால், குற்றவாளியின் மனத்துக்கும் நம்முடைய மனத்துக்கும் இடையே உள்ளதாக நாம் நம்பியிருந்த தூரம் பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே வருவதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

1938இல் வெளிவந்த 'ரெபெக்கா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லும் இரண்டாம் மனைவியின் பெயர் நாவல் முழுவதிலும் நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ அட்டையிலேயே இருக்கிறது. அங்கே பேய் உலவுவதில்லை. எடுத்த இடத்தில் அப்படியே வைக்கப்பட்டிருக்கும் தலைவாரும் பிரஷ்ஷும், மடித்து வைத்த இரவு உடையும், வீட்டு நிர்வாகியான டான்வர்ஸ் அம்மையார் காட்டும் குறை சொல்ல முடியாத மரியாதையும் சேர்ந்தே அந்த இளம்பெண்ணை நடுங்க வைக்கின்றன. பிறகு ஓர் இரவில், ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றவன் தானே என்று கணவன் அவளிடம் ஒப்புக்கொள்கிறான். அவள் மனத்தில் தைப்பது கொலை அன்று. அவன் ரெபெக்காவை ஒருபோதும் நேசித்ததில்லை என்ற ஒன்றே. அதில் அவளுக்குப் பெரும் ஆறுதல் பிறக்கிறது. அவளோடு சேர்ந்து நாமும் ஆறுதல் கொள்கிறோம், அவன் தூக்குமேடைக்குப் போய்விடக் கூடாதே என்று மிச்சப் பக்கங்களைப் புரட்டுகிறோம். உங்கள் மனம் கனத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

1940இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் அந்நாவலைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் போவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் ஏற்காததால், ரெபெக்காவின் சாவு ஒரு விபத்தாக மாற்றப்பட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற அழகான படம்தான் அது. ஆனாலும் அந்த ஒரு மாற்றத்தால், நாம் யாருக்காகப் பரிந்துகொண்டிருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை அங்கே இல்லாமல் போய்விடுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் பாட்ரிசியா ஹைஸ்மித் இன்னும் துணிச்சலானவர். 1955இல் வெளிவந்த 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' நாவலில் அவர் படைத்த டாம் ரிப்ளி, தன்னிடம் நட்புப் பாராட்டியவனைப் படகில் வைத்துக் கொன்று, அவனுடைய உடைகளை அணிந்து, அவன் பெயரிலேயே கையெழுத்திட்டு வாழ்கிறான். காவல் அதிகாரி அவன் வீட்டு வாசலுக்கு வரும்போது நம் நெஞ்சு அவனுக்காகத்தான் அடித்துக்கொள்கிறது. அவன் செய்ததை ஆசிரியர் நம்மிடம் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. அவனுடைய வறுமையையும், பிறர் தன்னைத் துச்சமாக நினைக்கிறார்களோ என்ற கூச்சத்தையும், மேலான வாழ்வுக்கான ஏக்கத்தையும் அவ்வளவு நெருக்கத்தில் காட்டிவிடுகிறார். அந்தக் கூச்சத்தை அறியாதவர் நம்மில் யார்? 1991 வரை அவனை வைத்து ஐந்து நாவல்கள் எழுதிய ஹைஸ்மித், கடைசி வரை அவனைச் சட்டத்திடம் ஒப்படைக்கவே இல்லை.

இக்கதைகள் மனிதர்கள் மீது சந்தேகத்தை வளர்க்கும் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். யார் யாரை அடித்தார், யார் சாப்பிடாமல் படுத்தார் என்பதெல்லாம் விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இன்று நான் வசிக்கும் அடுக்குமாடியில் எதிர் வீட்டாரை மின்தூக்கியில் பார்த்துப் புன்னகைப்பதோடு சரி. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதை இந்நாவல்கள்தாம் என்னைப் பொறுமையாக எண்ணிப் பார்க்க வைக்கின்றன. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது அவர் எதை விட்டுவிடுகிறார் என்று கவனித்துக் கேட்கவும் இவற்றைப் படித்தே பழகினேன்.

எல்லா நூல்களையும் நான் ஏற்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்துக்குத் திடீரென்று மனநோயைச் சுமத்தி, அதையே அனைத்துக்கும் விளக்கமாகத் தரும் நாவல்கள் பெருகிவிட்டன. நோயால் துன்புறுவோருக்கு அவை இழைப்பது அநீதி. வாசகருக்கும் அவை எதையும் தருவதில்லை. ரிப்ளியின் மனத்தை அப்படி ஒரு நோயின் பெயரால் மூடிவிட முடியாது என்பதே ஹைஸ்மித்தின் பெருமை.

என்னிடம் அந்த முதல் ரிப்ளி நாவலின் படிகள் இரண்டு இருப்பதால், ஒன்றை இந்தக் கடிதத்துடன் அனுப்புகிறேன். எழுத்து சற்றுப் பெரியது, உங்கள் கண்ணுக்குச் சிரமம் இருக்காது. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும்போது உங்கள் வீட்டில்தான் தங்குவேன், நிறையப் பேசலாம். அதற்கு முன்பே படித்து முடித்துவிட்டால், அவன் அகப்படக் கூடாது என்று எந்த இடத்தில் விரும்பத் தொடங்கினீர்கள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய பள்ளித் தோழன்