குழந்தைகளின் புற்றுநோய் ஸ்கேனில் காண்ட்ராஸ்ட் ஊசி: தேவைப்படும்போது மட்டும் போடக் கோரி மனு

அனுப்புநர்:
புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, தொடர் கண்காணிப்பில் இருக்கும் ஒரு சிறுமியின் தாய்

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத்துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: குழந்தைகளுக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் மகளுக்குப் பார்வை நரம்பில் கட்டி. கீமோ முடிந்துவிட்டது. கட்டி வளராமல் இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், இன்னும் பல வருடங்களுக்கு எடுக்க வேண்டியிருக்கும். மெஷினின் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. பயமெல்லாம் படத்தில் கட்டி தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் போடும் காண்ட்ராஸ்ட் ஊசிக்குத்தான். கீமோ ஏற்றி ஏற்றி நரம்புகள் சுருங்கிவிட்டதால் முதலில் புறங்கையில் தேடுவார்கள், அப்புறம் முழங்கை மடிப்பில், அங்கேயும் கிடைக்காவிட்டால் காலில். ஒவ்வொரு தடவையும் காண்ட்ராஸ்ட் எதற்கு என்று கேட்டதற்கு, "வழக்கமாக இப்படித்தான் எடுப்போம்" என்பதுதான் பதிலாக வந்தது. இந்த மனுவை எழுதவைத்தது அந்தப் பதில்தான்.

காண்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். தனியாக உடலுக்குள் போனால் அது நச்சு என்பதால் வேறொரு மூலக்கூறோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்க்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பது 2006-ல் தெரியவந்தது. பலமுறை இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் அதன் தடயம் தெரிவதை 2014-ல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, பிணைப்பு தளர்ந்த நீள்சங்கிலி வகை மருந்துகள் சிலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. உலோகத்தை இறுகப் பிடித்துவைக்கும் வளைய வகை மருந்துகள் தொடர்ந்தன. அதே ஆண்டு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் எச்சரிக்கை வெளியிட்டு, குழந்தைகள் விஷயத்திலும் வாழ்நாளில் பலமுறை இந்த ஊசி தேவைப்படுபவர்கள் விஷயத்திலும் கூடுதல் கவனம் வேண்டும் என்றது. எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு வகையிலும் வருகிறார்கள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு மூளையில் தங்கும் இந்தத் தடயத்தால் தீங்கு வந்ததாக நிரூபணம் இல்லை. அதை மறைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை இன்னும் எத்தனையோ வருடம் வாழ வேண்டியவள். பயன் இல்லாத இடத்தில் அந்த உலோகம் அவள் உடம்பில் எதற்குச் சேர வேண்டும்?

ஊசி இல்லாமலும் எம்.ஆர்.ஐ. நிறையக் காட்டுகிறது. புற்றுநோய் செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் எளிதில் நகர முடியாது. அந்த நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். சீழ்க்கட்டியும் அப்படித் தெரியலாம் என்பதால் படிப்பவருக்கு அனுபவம் வேண்டும். என் மகளுக்கு இருப்பது போன்ற பார்வை நரம்புக் கட்டியின் அளவைத் தொடர்ந்து கண்காணிக்கக் காண்ட்ராஸ்ட் இல்லாத படங்களே பெரும்பாலும் போதும் என்று கதிரியக்க மருத்துவர்கள் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

எல்லாக் குழந்தைக்கும் ஊசியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. மெடுலோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுநோய் தண்டுவட உறையில் பரவியிருக்கிறதா என்று பார்க்கக் காண்ட்ராஸ்ட் வேண்டும். அங்கே அதைத் தவிர்த்தால் ஆபத்து குழந்தைக்குத்தான். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை நோயையும் கட்டத்தையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது பல இடங்களில் அந்த முடிவைப் பழக்கம் எடுக்கிறது.

ஆகவே, குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களையும் கதிரியக்க மருத்துவர்களையும் கொண்ட குழு ஒன்றை அமைத்து, எந்த நோய்க்கு எந்தக் கட்டத்தில் காண்ட்ராஸ்ட் தேவை என்ற நெறிமுறையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்கேன் சீட்டில் "காண்ட்ராஸ்ட் ஏன்?" என்று ஒரு வரி இருக்கட்டும், காரணம் எழுதாமல் ஊசி வேண்டாம். ஊசி இல்லாத படங்களை முதலில் எடுத்து, குழந்தை மேசையில் இருக்கும்போதே மருத்துவர் பார்த்துவிட்டால், சந்தேகம் இருக்கும் குழந்தைக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கும் சின்னக் குழந்தைகளுக்கு மயக்க நேரமும் குறையும். போட்டே ஆக வேண்டுமென்றால் வளைய வகை மருந்தையே வாங்கித் தர வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் குழந்தையின் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அந்தக் கணக்கு குழந்தையோடு போகும்.

தங்கள் துறை எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தாய்