எழுத்துரு மாற்றியின் புதிய பதிப்பு: உடன் உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகளை எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டுக்கு மாற்றும் நமது மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வெளியாகிவிட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இப்போது ஒரே மாதிரி இயங்குகிறது. நிரல் எழுதியது நான் என்றாலும், அதை நம்பிப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவருக்கு முதல் நன்றி. தம்மிடமிருந்த வடமோடிக் கூத்துக் கொப்பிகளின் தட்டச்சுப் பிரதிகளைத் தயங்காமல் பென்டிரைவில் போட்டுத் தந்தார். பல கைகள் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. பாமினியில் ‘ர’ எழுதத் தனி விசை உண்டு; ‘ர்’ வேண்டுமென்றால் அதன் மேல் புள்ளி வைக்க வேண்டும். சிலரோ ‘ர’வுக்குப் பதிலாகத் துணைக்காலைப் (ா) போட்டு மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் கூத்துப் பாடல்களான தருவும் விருத்தமும் சிதைந்து வந்தன. அவற்றை வரி வரியாகப் படித்துச் சிவப்புப் பேனையால் குறித்துத் தந்தவர், ஆரையம்பதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. டீச்சர், நீங்கள் குறித்த ஒவ்வொரு வரியும் இப்போது சோதனைக் கோப்பில் இருக்கிறது. இனி நிரலில் எதை மாற்றினாலும் அந்த வரிகள் பிழையின்றி வந்த பிறகுதான் வெளியீடு.

காத்தான்குடி அச்சகத் தம்பிமார் தமிழும் ஆங்கிலமும் அரபும் கலந்த நினைவு மலர் ஒன்றை அனுப்பினார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் பாமினி தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிடும். இப்போது வேர்ட் கோப்பில் எழுத்துருவின் பெயரைப் பார்த்த பிறகே மென்பொருள் கைவைக்கிறது.

மேக்கில் சோதித்தவர் வந்தாறுமூலையில் படிக்கும் தங்கை. மேக்கின் பழைய வட்டு அமைப்பு, கோப்புப் பெயரிலுள்ள ஒகர, ஓகாரக் குறிகளை (ொ, ோ) இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். ‘கொக்கட்டிச்சோலை’ என்ற கோப்பு கண்ணெதிரே கிடக்க, அப்படி ஒன்றே இல்லை என்றது மென்பொருள். காரணத்தைக் கண்டுபிடித்த பெருமை அவருக்கே உரியது.

அக்கரைப்பற்றுத் தட்டச்சுக் கடை அண்ணனின் கணினியில் இருப்பது விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது, இந்த மென்பொருளை எழுதப் பயன்பட்ட பைதான் நிரல்மொழியும் 3.9 பதிப்பு முதல் அதில் இயங்காது. ஆகவே விண்டோஸுக்கான பதிப்பைப் பைதான் 3.8 இலேயே வைத்திருக்கிறேன். புதிய கணினி வாங்குங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாமினிக் கோப்புகள் குவிந்து கிடப்பது இத்தகைய பழைய கணினிகளில்தான். அவர்களை விட்டுவிட்டு இந்த மென்பொருள் யாருக்காக? கடை அடைத்த பிறகும் எனக்காகக் காத்திருந்து ஒவ்வொரு சோதனைப் பதிப்பையும் ஓட்டிப் பார்த்தீர்கள், அண்ணன். மறக்க மாட்டேன்.

பைதானையும், திரையில் பொத்தான்களும் சாளரங்களும் அமைக்க உதவும் கியூட்டியையும் (Qt) இலவசமாகத் தந்த, முகம் அறியாத நிரலாளர்களுக்கும் நன்றி.

வாகரை முதல் திருக்கோவில் வரை யாரிடமாவது வசந்தன் கூத்துப் பாடல்களோ கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளுத்திப் பாடல்களோ பாமினியில் இருந்தால், கணினியைக் கைமாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சொல்லியனுப்பினால் நானே வந்து மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
கல்லடி, மட்டக்களப்பு