ரெஸ்பிகியின் தொகுப்புகளில் விடுபடும் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலிய இசையமைப்பாளர் ஒட்டோரினோ ரெஸ்பிகியின் 'பழங்காலப் பாடல்களும் நடனங்களும்' குறித்துத் தங்கள் இசைப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், மறுமலர்ச்சிக் கால மெட்டுகளை அவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார் என்ற ஒரே வரியோடு அந்த இசையின் பிறப்பைக் கட்டுரை கடந்துவிட்டது. மெட்டுகளை ஆக்கியவர்களில் ஒருவரது பெயரும் அதில் இல்லை. இசைத்தட்டு உறைகளிலும் நிகழ்ச்சி நிரல்களிலும் இதே குறையைப் பலமுறை கண்டதால் இதை எழுதுகிறேன்.

இப்படைப்பின் மூன்று தொகுப்புகளில் 1917-இல் எழுதப்பட்ட முதலாவது, சிமோனே மோலினாரோ 1599-இல் வெனிஸில் வெளியிட்ட லூட் (விரலால் மீட்டும் பழைய தந்திக் கருவி) நூலிலுள்ள ஒரு நடன இசையோடு தொடங்குகிறது. அடுத்து வரும் கலியார்டா என்னும் நடன இசை, வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தையும் தேர்ந்த லூட் கலைஞருமான வின்சென்சோ கலிலேயுடையது.

இவை ரெஸ்பிகியின் கைக்கு நேரே வந்து சேரவில்லை. அக்கால இத்தாலிய லூட் ஏடுகளில் ஆறு கோடுகள் ஆறு தந்தி வரிசைகளைக் குறிக்கும். கோட்டின்மேல் இட்ட எண், விரல் கருவியின் கழுத்திலுள்ள எந்த ஃபிரெட்டில் (குறுக்குக் கட்டில்) அழுந்த வேண்டும் என்று சொல்லும். அடுத்த ஒலியை எப்போது மீட்டுவது என்பதை மேலேயுள்ள காலக்குறி காட்டுமே தவிர, மீட்டிய ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், எது மேற்குரல், எது கீழ்க்குரல் என்பதை ஏடு சொல்லாது. அவற்றைப் படிப்பவர்தான் தம் செவியறிவால் தீர்மானித்தாக வேண்டும். அப்படித் தீர்மானித்து, ஏராளமான லூட் இசையை இன்றைய சுரக்குறியில் பெயர்த்துத் தந்தவர் இத்தாலிய இசை ஆய்வாளர் ஆஸ்கர் கிலெசொட்டி. முதல் தொகுப்பு உருவாவதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

ரெஸ்பிகியின் பங்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஒரே கருவிக்குள் நெருங்கி ஒலித்த குரல்களைப் பிரித்து ஓபோ என்ற ஊதுகருவிக்கும் ஹார்ப்புக்கும் வில்லிசைக் கருவிகளுக்கும் அளித்து, ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகைக் கருவியையும் உடன் சேர்த்து, பழைமை குலையாமல் புதிய நிறம் கொடுத்தது அவருடைய மேதைமைதான். ஆனால், 1931-இல் வில்லிசைக் கருவிகளுக்கு மட்டுமே எழுதிய மூன்றாம் தொகுப்பிலுள்ள சிசிலியானா என்னும் பகுதியை 'ரெஸ்பிகியின் மெட்டு' என்று அறிவிக்கும்போது, பெயர் தெரியாத ஒரு பழைய கலைஞர் இரண்டாம் முறையாக மறைக்கப்படுகிறார். அதே தொகுப்பின் இறுதியில் வரும் பாசகாலியா என்னும் பகுதி, மறுமலர்ச்சிக் காலம் முடிந்து வெகுநாள் கழித்து, 1692-இல் லுடோவிகோ ரொன்கல்லி கிதாருக்காக வெளியிட்டது. ஆகவே எல்லாவற்றையும் மறுமலர்ச்சிக் காலத்தவை என்று சொல்வதும் பொருந்தாது.

இனி இத்தகைய தொகுப்புகளைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு பகுதிக்கும் அருகில் மூல ஆசிரியரின் பெயரையும் காலத்தையும், பெயர் தெரியாத இடத்தில் 'ஆசிரியர் அறியப்படவில்லை' என்ற குறிப்பையும், லூட் ஏடுகளைப் படித்துக் கொடுத்த கிலெசொட்டியின் பெயரையும் சேர்த்து அச்சிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்