முடக்கினால் போதாது, நீக்க முடிய வேண்டும்: இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022 அக்டோபர் 20 அன்று கூகுள் நிறுவனத்துக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தீர்கள். கூடவே சில கட்டளைகளும் பிறப்பித்தீர்கள். ஃபோனோடு வரும் கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. நீக்கும் உரிமை பற்றிய கட்டளையும் அந்த நான்கில் ஒன்றாகப் போயிற்று. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எல்லோரும் அபராதத் தொகையைப் பற்றியே பேசினார்கள். பயனருக்கு உண்மையில் பயன்பட்டிருக்கக்கூடியது அந்த ஒரு கட்டளைதான் என்பதால் இதை எழுதுகிறோம்.

“வேண்டாத செயலியை முடக்கிவிடலாமே, நீக்க வேண்டிய அவசியம் என்ன?” என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. முடக்குவது வேறு, நீக்குவது வேறு. ஆண்ட்ராய்டு ஃபோனின் சேமிப்பகத்தில் இயங்குதளத்துக்கென ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே அளவு குறித்து ஒதுக்கப்படுகிறது. அதைப் படிக்க மட்டுமே முடியும், அதில் எதையும் எழுத முடியாது. அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஃபோன் தானே சரிபார்த்துக்கொள்ளும். பயனரின் படங்களும் அவர் நிறுவும் செயலிகளும் இருப்பது இன்னொரு பகுதியில். உடன்வரும் செயலிகள் பெரும்பாலும் முதல் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன.

அப்படிப்பட்ட செயலிக்கு ஒரு அப்டேட் வந்தால், புதிய பதிப்பு முழுவதுமாகப் பயனரின் பகுதியில் இறங்குகிறது. பழைய பதிப்பு இருந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆக, ஒரே செயலி இரண்டு முறை இடம் பிடிக்கிறது. ‘முடக்கு’ என்பதை அழுத்தினால் அப்டேட் மட்டும்தான் போகும், தொழிற்சாலைப் பிரதி போகாது. ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் முடக்கியதெல்லாம் திரும்பி வந்து நிற்கும். அதுவும் ஓரிரு ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பாக, அப்போதிருந்த பாதுகாப்பு ஓட்டைகளோடு வரும். 32 ஜிபி ஃபோன் வைத்திருப்பவருக்கு ‘இடம் போதவில்லை’ என்று எச்சரிக்கை வரும்போது, அவர் அழிப்பது தன் குழந்தையின் படங்களை. ஒருமுறைகூடத் திறக்காத விளையாட்டுக் கடையும் செய்திச் செயலியும் அசையாமல் இருக்கின்றன.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். அமைப்புகளில் ‘பில்ட் நம்பரை’ ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் பட்டியலைத் திறந்து, அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியோடு இணைத்து, கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி மூலம் செயலியை எடுப்பது அது. அப்போதும் அது நடப்புப் பயனருக்கு மட்டும்தான் மறைகிறது. கோப்பு அங்கேயே இருக்கும். தெரியாமல் இயங்குதளத்துக்குத் தேவையான ஒன்றை எடுத்துவிட்டால் ஃபோன் நிறுவனச் சின்னத்தைத் தாண்டாமல் மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். பலருக்கு அங்கிருந்து மீள ரிகவரி என்ற மீட்புத் திரை வழியாக மொத்தத்தையும் அழிப்பது ஒன்றே வழி. டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைக்க மறந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்காது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் வேண்டாததை எடுக்க ஒருவர் இவ்வளவு ஆபத்தைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இதனால் இயங்குதளம் வெறுமையாக வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சோதனையை ஐரோப்பா செய்து பார்த்துவிட்டது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. ‘என்’ என்ற எழுத்தோடு வந்த அந்தப் பதிப்பின் விலை முழுப் பதிப்பின் விலைதான், ஆகவே அதை வாங்க ஆளில்லை. இன்றைக்கும் ‘என்’ பதிப்பு போட்டவர்கள் வீடியோ ஓடவில்லை, கேமரா திறக்கவில்லை என்று தேடித் தேடி, விடுபட்ட மீடியா தொகுப்பைத் தனியே இறக்கி நிறுவுகிறார்கள். செயலியோடு அதன் அடியில் இருந்த கூறுகளையும் சேர்த்து எடுத்ததால் வந்த வினை அது.

உடன்வருவதால் நன்மையும் உண்டு. தமிழில் எழுத ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு இறக்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோது அந்தத் தொல்லை குறையத் தொடங்கியது. இந்திய மொழிகளைப் படிக்கவும் உள்ளிடவும் ஃபோனில் வசதி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. எழுத்துரு, விசைப்பலகை, அவசர அழைப்பு, அமைப்புகள், செயலி நிறுவும் கருவி ஆகியவை அடித்தளத்தோடு வந்தே ஆக வேண்டும். உலாவி ஒன்றும் வரட்டும். அது இல்லாமல் இன்னொரு உலாவியை எப்படி இறக்குவது?

கோடு போட வேண்டிய இடம் கூறுக்கும் செயலிக்கும் நடுவில். வெப்வியூ ஒரு கூறு: மற்ற செயலிகள் தங்களுக்குள் வலைப்பக்கம் காட்ட அதை நம்பியிருக்கின்றன, அதை எடுத்தால் அவை பாதியில் நின்றுவிடும். உலாவி ஒரு செயலி: அதை எடுத்தால் உலாவி மட்டும்தான் போகும். ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், பிரிவு 6(3)-இல் இதைத் தெளிவாக எழுதிவிட்டது: இயங்குதளம் இயங்க இன்றியமையாததும், வேறொருவர் தனியே தர முடியாததும் தவிர மற்ற எல்லாவற்றையும் பயனர் எளிதில் நீக்க முடிய வேண்டும். அதன்பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஃபோனிலிருந்து சஃபாரி, கேமரா, மெசேஜஸ், ஆப் ஸ்டோர் ஆகியவற்றைக்கூட நீக்கலாம் என்று ஆப்பிள் மாற்றிக்கொடுத்தது. விண்டோஸிலிருந்து எட்ஜ் உலாவியையும் அங்கே நீக்கலாம். ‘தொழில்நுட்ப ரீதியாக முடியாது’ என்று உங்கள் முன் யாராவது வாதிட்டால், அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேளுங்கள்.

கூகுளோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மலிவு ஃபோன்களில் அதிகம் அடைந்துகிடப்பது தயாரிப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டு ஏற்றும் செயலிகள். புது ஃபோனை முதன்முதலில் இயக்கும்போது ‘பரிந்துரைக்கப்பட்டவை’ என்று ஒரு பட்டியல் வரும், எல்லாக் கட்டங்களிலும் முன்கூட்டியே டிக் இருக்கும். அவசரத்தில் ‘அடுத்து’ தட்டினால் அத்தனையும் இறங்கும். இதைவிட மோசமானது, கேட்காமலே செயலி நிறுவும் அனுமதி பெற்ற துணைச் செயலி. பயனர் நிறுவும் செயலிக்கு இந்த அனுமதி கிடைப்பதில்லை, தொழிற்சாலையிலேயே ஏற்றப்படுவதற்குத்தான் கிடைக்கிறது. அப்டேட் முடிந்த மறுநாள் புதிய விளையாட்டு ஒன்று முகப்பில் முளைப்பது பலமுறை இதனால்தான்.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கடையில் வாங்கிய ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சிம் போடாமல், வைஃபை இல்லாமல் தொடங்கி, மீதி இடத்தையும் செயலிப் பட்டியலையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலை ஏடிபி வழியே எடுத்தால்தான் முகப்பில் தெரியாதவையும் அதில் வரும். நீக்க முடிந்ததையெல்லாம் நீக்கி, மறுபடி தொடங்கி, மீதி இடம் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பிறகு வைஃபையில் இணைத்து 24 மணி நேரம் தொடாமல் வைத்து, இரண்டாவது பட்டியல் எடுங்கள். முதல் பட்டியலில் இல்லாதது எது, அதை எந்தச் செயலி நிறுவியது என்று ஆண்ட்ராய்டே சொல்லும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஏனென்றால், விண்டோஸில் உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்ட ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்ட மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 7-இன் ஒரு அப்டேட்டில் அதை விட்டுவிட்டது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் அந்தத் திரையைப் பார்க்கவில்லை. 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதம் வந்தது, ஆனால் அந்த ஓராண்டு திரும்பவில்லை.

விதி அரசுக்கும் பொருந்த வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புது ஃபோன்களிலும் ஏற்ற வேண்டும், அதன் வசதிகளை முடக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. எதிர்ப்பு எழவே டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றது. தொலைந்த ஃபோனை முடக்க உதவும் நல்ல செயலிதான் அது. வேண்டுவோர் தாமே நிறுவிக்கொள்ளட்டும்.

எனவே எங்கள் கோரிக்கை: நீக்கும் உரிமைக் கட்டளையை உச்ச நீதிமன்றத்தில் விட்டுக்கொடுக்காமல் வாதாடுங்கள். அடித்தளக் கூறுகளின் பட்டியலை ஒவ்வொரு தயாரிப்பாளரும் காரணத்தோடு வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத செயலி எதுவும் பயனரின் பகுதியில்தான் இருக்க வேண்டும், நீக்கினால் இடம் திரும்ப வேண்டும், ரீசெட்டுக்குப் பின் கேட்காமல் வரக் கூடாது. பெட்டியின் மேல் ‘32 ஜிபி’ என்பதற்குப் பக்கத்தில், முதல்முறை இயக்கும்போது மிஞ்சும் இடம் எவ்வளவு என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வைக்க நுகர்வோர் விவகாரத் துறைக்குப் பரிந்துரையுங்கள்.

இப்படிக்கு,
ஃபோன் பழுது பார்ப்போரும் ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோரும் சிலர்