கார் வாங்கும் முன் ஒரு மூத்தவர் வேண்டும்: மோட்டார் பந்தயக் கழகங்களுக்கு இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை மோட்டார் பந்தயக் கழகங்களின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கும், பல்லாண்டு களத்தில் ஓட்டிய மூத்த ஓட்டுநர்களுக்கும், அவர்களுடைய கார்களைப் பேணிய மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம்.

கார் பந்தயத்தில் புதிதாக இறங்க விரும்பும் ஒவ்வொருவரையும், அவர் கார் வாங்குவதற்கு முன்பாகவே, பெயர் சொல்லி ஒரு மூத்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை நீங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். இளமையில் சில பருவங்கள் ஒரு பந்தய அணியில் உதவியாளாக வேலை பார்த்துவிட்டு, இப்போது உச்சிப்புளி அருகே வாகனப் பட்டறை நடத்துகிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி எனக் கரையோர ஊர்களிலிருந்து பந்தய ஆசையோடு இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த தெருப் பந்தயத்துக்கும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதற்கும் பிறகு இந்த வரவு கூடியிருக்கிறது. வருகிறவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, எந்தக் காரை வாங்கலாம் என்பதே.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் எந்த வகைப் பந்தயத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒற்றை இருக்கைக் கார்களின் செலவு தங்களுக்குக் கட்டாது என்று அவர்களுக்கே தெரியும். ஆகவே கடையில் விற்கும் காரைப் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டும் பிரிவுகளையே நாடுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் பிறந்ததும் இப்படித்தான். 1948இல் அப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு உருவாகி, மறு ஆண்டில் தொடங்கிய ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ தொடரில் ஓடியவை பெரும்பாலும் விற்பனைக்கு வந்த நிலையிலேயே இருந்த கார்கள். அங்கே இன்றும் சிற்றூர்களின் சிறு வட்டத் தடங்களில் வார இறுதிகளில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்களே. நம் ஊர்க்காரர் ஒருவரும் அந்த உலகைத் தொட்டிருக்கிறார். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010இல் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத் தொடரில் அறிமுகமானார். நம் நாட்டில் இதற்கு நெருக்கமாக இருப்பவை தேசியப் போட்டியின் டூரிங் கார் பிரிவுகள்.

நரேனைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய தந்தை தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். ஃபார்முலா 1 வரை சென்ற மற்றோர் இந்தியரான கருண் சந்தோக்கின் தந்தை விக்கி சந்தோக் ஓட்டுநராகவும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தவர். தாத்தா இந்து சந்தோக் சென்னைக் கழகத்தைத் தொடக்க காலத்தில் வளர்த்தவர்களில் ஒருவர். இவர்களுடைய திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. பந்தயத்தை எங்கே தொடங்குவது, யாரை நம்புவது, எதற்கு முதலில் செலவிடுவது என்ற அறிவு இவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது என்பதையே சொல்கிறேன். தந்தை மீன்பிடி வள்ளத்திலோ சவூதியில் ஒரு கிடங்கிலோ வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறிவை யார் தருவது? விதிமுறைப் புத்தகம் எவருக்கும் கிடைக்கும். அதைப் பிரித்து வைத்து, இந்தப் பக்கத்தை முதலில் படி, அந்தப் பக்கம் உனக்கு இரண்டு ஆண்டுக்குத் தேவைப்படாது என்று சொல்லும் ஆள்தான் எங்களுக்கு இல்லை. சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கோவை அருகே செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே தடம் 300 கிலோமீட்டருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா போய், கார்களைச் சரிபார்க்கும் பிட் ஓரத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

அப்படி ஓர் ஆள் இருந்தால் என்ன மாறும் என்பதை எங்கள் கரையின் நிலைமையை வைத்தே விளக்குகிறேன். இங்கே ஓடிப் பழகிய கார் எதுவானாலும் உப்புக்காற்று அதைத் தின்றிருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும்போதே தரைத்தகடும், ஜாக்கி வைக்கும் விளிம்பும், முன் சஸ்பென்ஷனின் மேல்முனை வந்து பொருந்தும் இடமும் உள்ளுக்குள் பொரிந்து போயிருக்கும். பந்தயக் காருக்குள் அமைக்கும் பாதுகாப்புக் கூண்டின் கால்கள் அந்தத் தரைத்தகட்டில்தான் நிற்கின்றன. துருவேறிய தகட்டில் நிற்கும் கூண்டு, கார் உருளும்போது தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். உலக மோட்டார் கூட்டமைப்பின் விதி, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் கூண்டின் முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள, தையலில்லாமல் குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாயைக் கேட்கிறது. கால் பதியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வலுவூட்டுத் தகட்டையும் கேட்கிறது. எங்கள் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் கைவேலை சுத்தமாக இருக்கும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கேட்டவுடன் எடுத்து வளைக்கக் கிடைப்பது தண்ணீர்க் குழாய்தான். இரண்டுக்கும் கருப்பு பெயிண்ட் அடித்துவிட்டால், பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். பழகிய ஒருவர் வெட்டுமுனையைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

பிரேக் ஆயிலும் இதே கதைதான். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடற்கரைக் காற்றில் மூடி திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றிய ஆயிலோடு ஒருவர் தடத்துக்குப் போனால், சில சுற்றுகளுக்குப் பின் ஆயில் கொதித்து, வளைவுக்கு முன்னால் பெடல் தரைவரை இறங்கும். எஞ்சினுக்கு ஒரு லட்சம் செலவிடத் தயாராக இருக்கும் இளைஞர், சில நூறு ரூபாய் ஆயிலைப் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்ற யோசிக்கிறார். செலவின் வரிசையைத் திருத்துவதற்கு ஒரே ஒரு மாலைப் பேச்சு போதும்.

பாதுகாப்புச் சாதனங்களிலோ ஏமாற்றுக்கு அளவில்லை. பந்தய சீட் பெல்ட்டின் பட்டையில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். அந்த ஆண்டு தாண்டினால் அது வெறும் நாடா. அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறலில்லாமல் இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி 1980களிலேயே உருவாகிவிட்டது என்றாலும், 2001 பிப்ரவரியில் டேட்டோனா தடத்தில் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மோதி இறந்த பிறகே, அந்த ஆண்டு அக்டோபரில், தலை–கழுத்துத் தாங்கியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. எர்ன்ஹார்ட் ஏழு முறை சாம்பியன். இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தால் ஒருவர் கருவியின் விலையைப் பற்றிப் பேரம் பேசமாட்டார். என் பட்டறைக்குப் பந்தயக் கார் என்று சொல்லி இழுத்து வரப்பட்ட சிலவற்றில் ஸ்டிக்கர்கள் கண்ணைப் பறித்தன. பெல்ட்டின் ஆண்டை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். விற்றவரின் பெயர் இங்கே வேண்டாம்.

ஓட்டுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, அது உங்கள் துறை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். நாஸ்காரில் முதல் ஆண்டு ஓட்டுநரின் பின் பம்பரில் மஞ்சள் பட்டை ஒட்டுவார்கள், பின்னால் வருகிறவர் இவர் புதியவர் என்று அறிந்து இடைவெளி விடுவதற்காக. எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவமானமாக நினைக்கிறார்கள். கடைசியில் நின்று புறப்படுவதும், பின்னால் வேகமான கார் வருகிறது என்று நீலக்கொடி காட்டும்போது பதறி விலகாமல் தன் கோட்டிலேயே சென்று வழிவிடுவதும், முதல் பந்தயத்தில் காரை முழுதாகத் திரும்பக் கொண்டுவருவதும் தேர்ச்சிதான் என்பதை, ஓட்டியவர் சொன்னால்தான் ஏற்பார்கள். ஒரு பருவம் முழுவதும் வளைவோரத்தில் கொடி காட்டும் மார்ஷலாக நிற்பதே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. எந்த இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள் என்பது உள்ளே இருப்பவரைவிட ஓரத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஏற்பாடு எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. கடலாடி, சாயல்குடிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் எந்தப் பையனும் நேராகப் பெரிய மாட்டு வண்டியில் ஏறிவிடுவதில்லை. சிறிய மாடுகள் பூட்டிய பூஞ்சிட்டு வண்டியில், பெரியவர் ஒருவருக்குத் துணைச் சாரதியாக ஓடித் தாவி ஏறிப் பழகுகிறான். கயிறு எப்போது அவன் கைக்கு வரும் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை.

யாரை வழிகாட்டியாக வைப்பது என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. கோப்பைகளை அள்ளியவர்தான் வேண்டும் என்பதில்லை. வரிசையின் நடுவில் பத்தாண்டு ஓட்டி, சொந்தக் காசில் காரைத் தேற்றி, தோற்றுத் தோற்றுக் கற்றவர் புதியவருக்கு அதிகம் பயன்படுவார். நல்ல மெக்கானிக் அவரைவிடவும் பயன்படலாம். அதைவிட முக்கியமானது, வழிகாட்டியாக இருப்பவர் அந்தப் பருவத்தில் தன் மாணவருக்குக் காரோ உதிரிப்பாகமோ விற்கக் கூடாது, விற்றுக் கொடுத்துத் தரகும் பெறக் கூடாது. இன்றைக்கு உதவ முன்வருகிறவரே பல நேரங்களில் பழைய காரைக் கழிக்க வழி தேடுகிறவராகவும் இருக்கிறார் என்பதை நீங்களும் அறிவீர்கள். மூன்றாவதாக, இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். முதல் பந்தயத்துக்கான விண்ணப்பத்தில் மருத்துவச் சான்றோடு அவருடைய கையெழுத்தும் இருக்கட்டும். 2023 ஜனவரியில் 59 வயதான அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவர் கார் பந்தயத்திலும், அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் சென்னை அருகே உயிரிழந்தார்கள். அனுபவமே முழுக் காப்பு அன்று என்னும்போது, எவர் துணையும் இல்லாமல் வருகிறவரைத் தடத்தில் விடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

கோவையில் எஸ். கரிவர்தன் ஒரு காலத்தில் மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து ஒரு தலைமுறையையே களத்துக்குக் கொண்டுவந்தார். அவர் 1995இல் மறைந்த பிறகு அவர் பெயரில் தடம் எழுந்தது, அவர் செய்த வேலையோ பெரும்பாலும் தனி மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பியே நடக்கிறது. அதைக் கழகத்தின் கடமையாக மாற்றுங்கள் என்பதே என் விண்ணப்பம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வழிகாட்டியின் பயணச் செலவையும் ஒரு நாள் படியையும் கழகம் ஏற்கலாம், முடிவுப் பட்டியலில் புதியவரின் பெயருக்கு அருகே அவர் பெயரையும் அச்சிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தனுஷ்கோடிச் சாலையிலும் நள்ளிரவில் வேகம் காட்டும் பிள்ளைகளைக் காவல்துறை பிடித்து அபராதம் விதிக்கிறது, அது சரியே. அவர்களில் உண்மையான நாட்டமுள்ள ஓரிருவரை உங்களிடம் அனுப்பிவைக்க ஒரு முகவரியாவது எங்களுக்குத் தாருங்கள். உச்சிப்புளியில் விமான ஓடுதளம் இருக்கிறதே, முன்பு சென்னை அருகே சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியதுபோல அங்கே ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது கடற்படையுடையது, அந்தப் பேச்சுக்கே நான் வரவில்லை.

அடுத்த பருவத்துக்கான உரிம விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கும் முன், தென்கோடி மாவட்டங்களுக்கென்று மூவரையாவது வழிகாட்டிகளாக அறிவிக்க இயலுமா, அவர்களில் ஒருவர் ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வர இயலுமா என்ற இரு கேள்விகளுக்கும் பதில் வேண்டுகிறேன். காரைத் தூக்கிப் பார்க்க லிஃப்டும், உட்கார நிழலும், வருகிறவருக்கு மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. வாங்கலாமா என்று இளைஞர்கள் யோசித்து வைத்திருக்கும் கார்களை அன்றைக்கு வரிசையாக நிறுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உச்சிப்புளியில் வாகனப் பட்டறை நடத்தும் ஒருவர்